மாற்றிக் கொடுத்த வாக்குத்தத்தம்

சாத்துக்குடிப் பை மேசைமேல் இருந்தது.

அட்டை இன்னும் அவளுடைய கைப்பைக்குள்ளேயே இருந்தது.

எடுக்கக் கை வரவில்லை.

கட்டிலில் எப்சிபா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொழுந்தனின் மனைவி. மூன்று மாத மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போய்த் தலையில் ஒரு பூப்போட்ட துண்டு. வாய் மட்டும் பழைய வாய்தான்.

“வாங்கக்கா. என் கொண்டை மேல நீங்க போட்ட கண்ணு வீண்போகல. மொத்தமா போயிட்டு.”

பார்க்க வந்தவளும் சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது.

எப்சிபாவின் வேதாகமத்துக்குள்ளிருந்து இன்னோர் அட்டை எட்டிப் பார்த்தது. ஓரத்தில் தங்க வரி. விரல் பட்டுப் பட்டு முனை மழுங்கியிருந்தது.

“இத நம்பித்தான்க்கா ஒவ்வொரு ஊசிக்கும் கைய நீட்டுதேன்.”

அது எப்சிபாவுக்கு வந்த அட்டை இல்லை.

பார்க்க வந்த அக்கா ஒருத்திக்குத்தான் அது தெரியும்.

வருஷப்பிறப்பு ஆராதனை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று. அதில் ஒரு வசனம். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவரவருக்கென்று சொல்லும் சொல். வர முடியாதவர்களுக்கு வீட்டார் எடுக்கலாம். எடுக்குமுன் அவர்கள் பேரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும்.

அவள் மூன்று எடுத்தாள்.

தனக்கு என்ன வந்ததென்று இப்போது நினைவுகூட இல்லை.

நெஞ்சுவலி கண்டு வீட்டில் படுத்திருந்த புருஷன் பேரைச் சொல்லி எடுத்தாள். கிருபை போதும் என்று வந்தது. வேதத்திலே, உடம்பில் தைத்த முள்ளை எடுத்துவிடும் என்று மூன்று தரம் கெஞ்சியவருக்கு, முள்ளை எடுக்காமலே கிடைத்த பதில் அது. ஓய்வுநாள் பள்ளியில் இருபது வருஷம் பாடம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா?

மகளின் பிரசவத்துக்கு மதுரை போயிருந்த எப்சிபா பேரைச் சொல்லி எடுத்தாள். குணமாக்குவேன் என்று வந்தது.

எப்சிபாவுக்கு என்ன கேடு? இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாய்க் குடம் தூக்கி வருகிறவள். அவளுக்கு எதற்கு அது?

கோயில் வாசலைத் தாண்டுமுன் இரண்டும் இடம் மாறிவிட்டன.

களவு என்று அப்போது தோன்றவில்லை. பெண்டாட்டி செய்ய வேண்டிய காரியம் என்றுதான் தோன்றியது.

ஈஸ்டருக்குள் புருஷன் எழுந்து நடந்தார். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சபை நடுவே சாட்சி சொன்னார். என் பேர் சொல்லி ஆண்டவர் அனுப்பிய சொல் என்றார். கோயிலே அல்லேலூயா என்றது. அவள் பாட்டுப் புத்தகத்தைத் தவறவிட்டவள்போலப் பெஞ்சுக்கடியில் குனிந்திருந்தாள்.

ஜூலையில், எப்சிபாவின் மார்பில் கட்டி என்றார்கள்.

அதிலிருந்து, அட்டையை மாற்றியவளால் முழங்கால் போட்டு ஜெபிக்க முடியவில்லை. ஆண்டவர் தூரப் போய்விட்டார் என்றால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் போகவில்லை. முழங்கால் போட்டால் பக்கத்திலேயே வந்து நிற்கிறார். ஏறிட்டுப் பார்க்கத்தான் முடியவில்லை.

போன ஞாயிறு ஒரு பாடம். கண் தெரியாத தகப்பனிடம் அண்ணனைப்போல வேஷம் போட்டுப் போய், அண்ணனுக்குள்ள ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்ட தம்பியின் கதை. முன்வரிசை வாண்டு ஒன்று எழுந்து கேட்டது.

“டீச்சர், அந்த அண்ணன் அழுதான்லா? ஆண்டவர் ஏன் திருப்பிக் குடுக்கச் சொல்லல?”

எல்லோரும் ஒரு பாட்டுப் பாடுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

இன்றைக்குப் புருஷன் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவருடைய சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒருவழியாய் அதைக் கட்டில்மேல் வைத்தாள்.

நடந்ததைச் சொன்னாள். நாலே வாக்கியம். பத்து மாதமாய் மென்று மென்று அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

எப்சிபா இரண்டு அட்டைகளையும் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு வார்த்தை திட்டிவிடேன் என்று இருந்தது அவளுக்கு.

“அத்தானுக்கு நல்லாயிட்டுல்லா,” என்றாள் எப்சிபா கடைசியில். குரலில் கேலி இல்லை. “எனக்கும் நல்லாகணும்க்கா. பேத்தி நடக்கிறதப் பாக்கணும்.”

குணமாக்கும் அட்டையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

முனை மழுங்கிய அட்டையை ஒருதரம் தடவிக்கொடுத்து அவளிடம் நீட்டினாள்.

அவள் வாங்கிக்கொண்டாள். நியாயம்தானே.

கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகிவிடும் என்று நம்பித்தான் வந்திருந்தாள். லேசாகவும் ஆனது. அந்த இடத்தில் உடனே பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

புருஷன் சட்டையை மாட்டியதும் பையைத் தடவிப் பார்ப்பார்.

முள் இருந்தாலும் போதும் என்கிற வசனத்தை எந்தக் கையால் அந்தப் பைக்குள் வைப்பது? திரும்பவும் அவருக்கு வலி வந்தால்?

உள்ளே போய், ஒரு மாசத்துக்கு மட்டும் கொடு எப்சிபா என்று கேட்டுவிடலாமா?

தோன்றத்தான் செய்தது. நோயில் கிடக்கிறவளிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

அப்போது உள்ளே எப்சிபா ஜெபிக்கத் தொடங்கினாள். அக்கா போய்விட்டாள் என்ற நினைப்பில், வாய்விட்டு.

முதலில் வந்தது அத்தானின் பேர்.

ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தவள் அப்படியே நின்றாள்.

பிறகு அதைக் கழற்றிவிட்டு, வாசல்படியிலேயே முழங்கால் போட்டாள்.