சீனக் கை

கராத்தே என்றால் வெறுங்கை என்பதுதான் காஸ்பர் மாஸ்டர் இருபது வருடங்களாக ஒவ்வொரு மாணவனுக்கும் முதல் நாளில் சொல்லிவந்த பாடம். அந்தக் கலையின் தொடக்ககால ஆசான் ஒருவர் எழுதிய ஜப்பானிய அறிமுக நூலின் நகல் கிடைத்ததும், ஜப்பானியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அக்கா மகள் பிரிசில்லாவைப் படித்துச் சொல்லும்படி கேட்டார்.

இரண்டாம் பக்கத்தில் அவள் நிறுத்தினாள். "மாமா, இங்க 'கரா'வுக்கு வேற எழுத்து இருக்கு. சத்தம் ஒண்ணுதான். ஆனா இதுக்கு அர்த்தம் சீனம்."

"அச்சுப் பிழையா இருக்கும்."

"இல்ல மாமா. முதல்ல சீனக் கைன்னுதான் எழுதினோம், பிறகுதான் எழுத்த மாத்தினோம்னு அவரே சொல்றாரு."

காஸ்பர் அதற்குமேல் படிக்கவிடவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன் செல்வின் என்ற மாணவன் வகுப்பில் எழுந்து இதையேதான் சொன்னான். எல்லோர் முன்னாலும் பெல்ட்டை அவிழ்க்கவைத்து அவனை வெளியே அனுப்பியிருந்தார்.

மறுநாள் காலை செல்வினின் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்குப் போனார். அவரைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்று, வகுப்பில் செய்வதுபோலவே குனிந்து வணங்கினான்.

"நீ அன்னைக்குச் சொன்னது சரிதாம்டே. முதல்ல அது சீனக் கைதான். தப்பு என்மேல."

பெல்ட்டை அவிழ்த்தது செல்வினுக்கு நினைவிருந்தது. எதற்காக என்பது மறந்துபோயிருந்தது. கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம் ஏன் மாஸ்டர் மாத்துனாங்க?" என்று கேட்டான்.

"தெரியல. அந்தப் பக்கத்த இன்னும் படிக்கல," என்றார் காஸ்பர். "நீ கடைய எத்தன மணிக்குச் சாத்துவ?"