சமையல்காரர் வீட்டு டின்கள்

"சமையல்காரன் வீட்ல டின் பட்டாணியா? வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்க!"

அலமாரியைத் திறந்த நாத்தனாருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. உள்ளே வரிசையாக டின்கள். பட்டாணி, பீன்ஸ், காளான்.

தம்பி மனைவி அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நறுக்கச் சோம்பலா இருக்கு அண்ணி."

"சொல்ல வெட்கமா இல்ல? என் தம்பி பெரிய ஹோட்டல்ல அத்தனை பேருக்கு ஆக்கிப் போடுறான். ஞாயித்துக்கிழமை ஒருநாள் ஆசையா வீட்ல கரண்டி பிடிக்கிறான். அவன் கையில போய் டின்னைக் குடுக்கிறியே!"

அவள் தலையைக் குனிந்து அடுப்பையே துடைத்துக்கொண்டிருந்தாள். திட்டுகிறவர்களுக்கு அதுவே வசதி. போதுமான அளவு திட்டி முடித்த நாத்தனார், விறுவிறுவென்று கடைக்குப் போய் இரண்டு பை நிறையக் காய் வாங்கி வந்தார்.

"இன்னிக்கு இதுல சமைடா தம்பி!"

பைகளைப் பார்த்ததும் அவன் முகம் வாடியது. "எதுக்குக்கா இவ்வளவு?"

அடியில் கிடந்த காளான் பொட்டலத்தைப் பிரித்தார் நாத்தனார். குப்பென்று நாற்றம். கடைக்காரன் நன்றாகத் தலையில் கட்டியிருக்கிறான்.

"இந்தக் கொடுமையப் பாருடா" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் பொட்டலத்தை வாங்கினான். மூக்கருகே கொண்டுபோய் நிதானமாக முகர்ந்தான்.

"அருமைக்கா. இப்பப் பறிச்ச மாதிரி இருக்கு."

நாத்தனார் திகைத்து நின்றார். அதற்குள் தம்பி மனைவி வந்து பொட்டலத்தை வாங்கினாள். அது கைதவறித் தரையில் கொட்டியது. மளமளவென்று கூட்டிக் குப்பையில் போட்டாள்.

"ஒரு பொருளை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா உனக்கு?" என்று சிடுசிடுத்துவிட்டு அவன் குளிக்கப் போனான்.

குழாய்ச் சத்தம் கேட்ட பிறகு நாத்தனார் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "வேணும்னேதானே போட்ட?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆறு மாசம் முன்னாடி காய்ச்சல்ல படுத்தாரே, அப்போலேர்ந்து அவருக்கு எந்த வாசனையும் தெரியல அண்ணி. ஹோட்டல்ல அவராவே கேட்டு, பாத்திரம் கழுவுற வேலைக்கு மாறிட்டார்னு கூட வேலை பார்க்கிறவர் சொன்னார். ஒரு ஞாயித்துக்கிழமை கெட்டுப்போன காளானைத் தெரியாம சமைச்சுட்டார். பாப்பாவுக்கு மூணு நாள் வாந்தி. மொட்டைமாடியில தனியா உட்கார்ந்து அப்படி அழுதார். டின்னுல தேதி போட்டிருக்கும். படிச்சாப் போதும், மோந்து பார்க்க வேண்டாம்."

நாத்தனார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அதுக்கு நீ ஏம்மா என்கிட்ட திட்டு வாங்குற? பக்கத்துல நின்னு நீ மோந்து பார்த்துக் குடுத்தா ஆச்சு. அவன் கோவிச்சுக்கவா போறான்?"

"எனக்குத் தெரியும்னே அவருக்குத் தெரியாது அண்ணி. தினமும் வேலை முடிஞ்சு வந்ததும், இன்னிக்கு ஹோட்டல்ல என்னென்ன சமைச்சேன்னு எனக்குக் கதை சொல்லிட்டிருக்கார்."