முதற்பலன் தக்காளி

படியில் ஆளரவம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அடுத்த வீட்டு மொட்டை மாடியில் விலாசினி தோர்த்துத் துண்டைப் பிரித்தாள்.

திருட வந்தவள் இல்லை, வைக்க வந்தவள். உதியன்குளங்கரைக் கடையில் வாங்கிய தக்காளிகளை லீலாபாயின் குரோபேக் செடிகளில் ஒவ்வொன்றாகக் கட்டத் தொடங்கினாள்.

மகள் ஷாலுவின் பிரசவத்துக்குக் கள்ளிக்காடு போன லீலாபாய், படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாள். "காலத்தும் வைகிட்டும் ஒரே அளவு வெள்ளம் ஊத்தணும் மக்கா. முடங்கினா காயெல்லாம் அடி கறுத்துப் போவும். காயை மட்டும் தொடாண்டாம், கேட்டியா?"

அக்கம்பக்கத்துப் பெண்களுக்கெல்லாம் மாடித் தக்காளிக்கு வகுப்பெடுப்பவள் அவள். சுண்ணாம்புத் தண்ணீர் எவ்வளவு, எப்போது என்று அவள் சொன்னால் அதற்கு மறுபேச்சில்லை.

தம்பி வீட்டு விசேஷத்தில் விலாசினி இரண்டு நாள் மறந்தே போனாள். பிறகு பதறியடித்து வாளி வாளியாகக் கொட்டினாள். செடியில் ஓர் இலைகூட வாடவில்லை; காய்கள் மட்டும் அழுகி, விரல் பட்டதும் கழன்று வந்தன. கிளைகளில் லீலாபாய் சுற்றியிருந்த வாழைநாரிலேயே இப்போது கடைத் தக்காளி ஏறியது.

ஞாயிறு காலை, சபையில் அறுப்பின் பண்டிகை. சொந்தக் கையால் விளைவித்ததைத்தான் பீடத்தில் வைக்க வேண்டும். முந்தின நாள் ஊர் திரும்பியிருந்த லீலாபாய், "நீ ஏறாண்டாம், நானே பறிச்சுக்கிடுதேன்" என்று மாடிக்குப் போய்க் கூடையோடு இறங்கினாள்.

"ஷாலுவுக்குச் சுகப்பிரசவம் ஆவணும்னு நேர்ந்ததாக்கும். எல்லாம் உனக்க கைராசி!"

அந்தச் சொல் விலாசினியைச் சுட்டது. நேர்ச்சையிலும் கள்ளத்தைக் கலந்துவிட்டோமே, பச்சைக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கூடை கேட்டைத் தாண்டியபோது அவளால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் மறித்தாள்.

"அக்கா, கொண்டு போவாண்டாம்! நான் வெள்ளம் ஊத்த மறந்துட்டேன். இது உங்க தக்காளி இல்ல, நான் கடையில வாங்கிக் கெட்டினதாக்கும்!" அழுதேவிட்டாள்.

லீலாபாயின் முகம் வெளிறியது. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத் தலைகுனிந்து நின்றாள் விலாசினி. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, லீலாபாய் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்போ, போறதுக்கு முந்தி நான் கடையில வாங்கிக் கெட்டினது எங்கே?"