கீழே பார்க்காதவன்

"யம்மா, நிறுத்துங்க! விழுதேன், விழுதேன்!"

மேஸ்திரி வன்னியபெருமாள் குப்புறப் படுத்துப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தப் பலகை சிமென்ட் தரையோடு தரையாகத்தான் கிடந்தது. சுற்றி நின்ற வேலையாட்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

ரெம்யா ஓடிவந்து அவர் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினாள். "எல்லாம் சும்மா அண்ணாச்சி. நீங்க தரையிலதான் கிடக்கீங்க, கேட்டோ."

"என்னத்த சும்மா! கீழ பஸ்ஸு எறும்பு மாதிரி ஊருது. இருபது வருசமா சாரத்துல நிக்கேன், இப்படி நடுங்குனதில்ல."

ஹெல்மெட்டுக்குள் கண்ணுக்கு எதிரே இரண்டு குட்டித் திரைகள். மாட்டிக்கொண்டால் இதே கட்டடத்தின் ஒன்பதாவது மாடிச் சாரத்தில் நிற்பதுபோலவே இருக்கும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். தூரத்தில் திருவனந்தபுரத்தின் சங்குமுகம் கடல்கூடத் தெரியும். டெக்னோபார்க் கம்ப்யூட்டர் ஆபீஸில் ஒன்றரை வருடம் உட்கார்ந்து ரெம்யா செய்தது. அந்தக் கடலின் நீலத்துக்கு மட்டும் நான்கு நாள் ஆனது.

போன மாதம் அந்த ஒன்பதாவது மாடியிலிருந்து ஒருவன் விழுந்து செத்தான். அதோடு மேலே வேலை நின்றுபோனது. உயரம் என்றால் என்ன என்று காட்டி, இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் மாட்டப் பழக்கத்தான் ரெம்யாவை வரவழைத்திருந்தார்கள். என்ஜினீயர் ஜிபின் மனதில் ஓடிய கணக்கு வேறு. பயத்தை அவர் மலையாளத்தில் 'பேடி' என்பார்.

"பேடி இல்லாம நடக்கறவன் நாளைக்கு மேல. பேடிச்சவன் எல்லாம் ஊருக்கு வண்டி கேறிக்கோ."

"சார், இது பரீட்சை இல்ல. பேடி வரணும்னுதான் செஞ்சிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான் ரெம்யா. அடுத்த ஆளை விளி."

ஒருவன் வாந்தியெடுத்தான். ஒருவன் முத்தாரம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே பாதியில் உட்கார்ந்துவிட்டான். நாலு பேர் தட்டுத்தடுமாறி அக்கரை சேர்ந்தார்கள். கடைசியாக இசக்கி வந்தான்.

"இவனா?" என்றார் மேஸ்திரி. "விழுந்தவன் இவன் கூட்டாளி, பக்கத்துல நின்னதே இவன்தான் சார். அன்னைலேர்ந்து ஏணிப் பக்கமே போவல. கீழ கெடந்து மண்ணு சலிக்கான். ஏல இசக்கி, வேட்டிய இறுக்கிக் கட்டிக்கோ!"

"ஒம்ம துண்டு இன்னும் பலகையிலதான் கெடக்கு அண்ணாச்சி, மொதல்ல அத எடும்," என்றான் யாரோ. மறுபடி சிரிப்பு.

இசக்கி சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். "யம்மா, தோத்தா நெசமாவே ஊருக்கு அனுப்பிருவாவளா?"

ரெம்யா ஜிபினை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டை அவன் தலையில் மாட்டிவிட்டாள்.

அவன் நடந்தான். வெறுங்கால் பலகையின் விளிம்பைத் தடவித் தடவி முன்னே போனது.

"வலது பக்கம் கயிறு இருக்கு அண்ணே. பெல்ட் கொக்கிய அதுல மாட்டுங்க."

இழுத்துக் கட்டியிருந்த நிஜக் கயிற்றை அவன் கை தொட்டது. கொக்கி 'க்ளிக்' என்று விழுந்தது.

அவன் தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தக் காட்சி மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரிலும் தெரிந்தது. மற்றவர்கள் நடந்தபோது அது புயலில் மாட்டிய படகாக ஆடியது. இப்போது அசையவே இல்லை. நேர் எதிரே வானம், அடியில் ஒரு கோடாகக் கடல். ஒருதடவைகூட அவன் கீழே குனியவில்லை.

சிரிப்பு அடங்கிவிட்டது. இசக்கி பலகையின் முனைவரை போய், திரும்பி, வந்து சேர்ந்தான்.

ரெம்யா கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்த நண்பனை எங்கோ அந்த நீலத்தில் பார்த்துச் சமாதானமாகிவிட்டானோ? தான் செய்த கடலைக் கடைசியில் ஒருவன் நின்று பார்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"இவனாக்கும் ஆளு!" ஜிபின் கைதட்டினார். கரும்பலகையில் எழுதினார்: ஒன்பதாம் மாடி, நாளை காலை எட்டு மணி. முன்னால் இசக்கி. அவன் பின்னால் நாலு பேர். "ரெம்யா, உங்க மெஷின் அசல். எல்லா சைட்டுக்கும் ஓர்டர் தரச் சொல்றேன்." அவர் ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

ரெம்யா மெல்ல ஹெல்மெட்டைக் கழற்றினாள். வெளிச்சம் பட்டு இசக்கி கண்ணைச் சிமிட்டினான்.

"அண்ணே, உங்களுக்குக் கொஞ்சங்கூடப் பேடி வரல்லியா?"

யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, அவன் குரலைத் தாழ்த்தினான்.

"யம்மா, நாளைக்கு மேல ஏறும்போதும் இந்தத் தொப்பியத் தருவியளா? இதுக்குள்ள கண்ண இறுக்கி மூடிக்கிட்டு நடந்தா, வெளிய ஒருத்தனுக்கும் தெரியாதுல்லா!"