வெட்டக் கொடுத்த ராணி

“எட்டாவது நகர்த்தல்லயே ராணிய வெட்டக் கொடுத்துட்டியேப்பா! இந்த ஓப்பனிங்க எங்க புடிச்ச?”

மாவட்டச் சதுரங்கப் போட்டியின் இறுதி ஆட்டத்தை இருபதே நிமிடத்தில் முடித்திருந்தான் விக்ரம். கேட்ட நடுவரை விட்டுவிட்டு, மேடையில் கோப்பையோடு நின்ற திலகவதியைப் பார்த்தான். ராணி என்றதுமே அவள் அழ ஆரம்பித்திருந்தாள்.

அது அவள் மகன் ரகுநாத்தின் நினைவுக் கோப்பை. மே மாதம் குளத்தூர்க் கண்மாயில் மூழ்கிச் செத்துப்போனான். அவன் இருந்தவரை வருஷா வருஷம் அவன்தான் முதல் பரிசு, விக்ரம் இரண்டாவது.

“அழுவாதீங்கம்மா.”

“நீச்சல் தெரியாத புள்ள கண்மாய்க்குத் தனியா ஏன்ப்பா போனான்? அது தெரியாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.”

“நான் ஊர்ல இருந்திருந்தா விட்டிருப்பேனாம்மா? லீவு விட்டதும் மீமிசல் அத்தை வீட்டுக்குப் போனவன், சேதி கேட்டுத்தானே ஓடியாந்தேன்.”

சாவு வீட்டிலும் இதைச் சொல்லித்தான் தேம்பினான். பாவம் பிள்ளை என்று, தன் முந்தானையாலேயே அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள் அவள்.

நடுவர் மைக்கை நீட்டினார். விக்ரம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“இந்த ஓப்பனிங் ரகு கண்டுபுடிச்சது. அவனே போர்டுல காய் வச்சு எனக்குச் சொல்லிக் கொடுத்தான். இந்த வெற்றி அவனுக்குத்தான்.”

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். விக்ரம் கோப்பையைப் பிடித்தான். திலகவதி விடவில்லை.

“எப்பப்பா சொல்லிக் கொடுத்தான்?”

“லீவுக்கு முன்னாடிம்மா. பள்ளிக்கூடத்துல வச்சு.”

“குடுங்கம்மா, போட்டோ எடுக்கணும்,” என்றார் நடுவர்.

திலகவதியின் அழுகை நின்றிருந்தது. கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“சார், இவன எங்கிட்டும் போக விடாதீங்க. ‘இப்பத்தான் கண்டுபுடிச்சேம்மா, மொதல்ல ஒனக்குத்தான் காட்டுறேன்’னு அடுப்படியில ஒக்காந்து எம்புள்ள ராணிய வெட்டக் கொடுத்துக் காட்டினான், காட்டிட்டு அந்த போர்டோட வெளிய போனவன, அன்னிக்குச் சாயங்காலம் கண்மாயிலேருந்துதான் தூக்கிட்டு வந்தாங்க.”