ஆலங்குடா விண்கலம்

மனிதகுலம் சூரியனைத் தாண்டிப் போகிற நாளில் முதல் கலம் ஆலங்குடாக் கடற்கரையிலிருந்துதான் புறப்படும். அந்தக் கலம் இப்போதைக்குப் பாண் துண்டைவிடச் சிறியதாக, சம்பல் கோப்பைக்குப் பக்கத்தில் மேசைமேல் நிற்கிறது. வள்ள எஞ்சின் திருத்துகிற றிஸ்கான், நோன்பு முடிந்ததிலிருந்து விளையாட்டுக் கட்டைகளைப் பூட்டிக் கழற்றி வடிவமைத்தது அது. முன்னால் மிளகளவு நீலக் கண்ணாடிக் கட்டை. அதற்குள் நூறு பேர் உட்கார்ந்திருப்பதாக அவன் கணக்கு. கொழும்புக் கண்காட்சிக்குக் கலங்களைத் தெரிவுசெய்ய வந்திருக்கும் மனைவி கமீலாவின் கூடப்பிறந்த நானா முபாறக், காற்றில் படபடக்கும் யன்னல் திரையை ஒதுக்கி அதை வெயிலில் உயர்த்திப் பிடிக்கிறான். “நல்ல வள்ளம் மச்சான். ஆனா கண்காட்சி விண்கலத்துக்குத்தானே?” றிஸ்கானின் காது சூடேறுகிறது. “வள்ளமா? நல்லாப் பாருங்க, விண்கலம்!” “பக்கத்துல நீட்டிக்கிட்டு நிக்கிறது?” “எரிபொருள் டாங்கி!” “முன்னால கூரா?” “விண்கல் தூசியக் கிழிக்க!” அடுப்படியில் கமீலா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள், சத்தமில்லாத அந்தச் சிரிப்பு அவனை இன்னும் சுடுகிறது. யன்னலுக்கு வெளியே, வெள்ளைக்காரர்களை அலைமேல் இழுத்துச் சறுக்கவைக்கும் பட்டங்கள் கடலுக்கு மேல் செருக்கோடு சாய்ந்து திரும்புகின்றன. “கொழும்பு ஆள் செஞ்சா ரொக்கட், நாங்க செஞ்சா வள்ளமா? கடல விட்டா எங்களுக்கு வேற ஒண்டும் தெரியாதெண்டு நெனச்சிட்டீங்களா? இதில கடல் சாமான் ஒண்டு இருந்தாக் காட்டுங்க பாப்பம்!” முபாறக் கலத்தை மெதுவாகத் திருப்புகிறான். அதன் பின்புறத்தில், நூல் முனையில், சின்னக் கறுப்பு நங்கூரம் ஒன்று தொங்குகிறது.