வாசலோரத்து எலுமிச்சை

சாயங்கால வெயில் பச்சை வலைக்குள் புகுந்து நாற்றுப்பண்ணைக்காரரின் வழுக்கையில் கட்டம் போடுகிறது. "இந்த எலுமிச்சை என்ன விலைங்க?" என்கிறாள் செடி வாங்க வந்தவள். "அது என் பொண்ணு சொல்லி வெச்சதும்மா. அடுத்த மாசம் வந்து எடுத்துக்குவா." கன்றில் கட்டிய 'பாப்பாவுக்கு' என்ற அட்டை மூன்று வருஷ வெயிலில் வெளுத்துத் தொங்குகிறது. வந்தவள் வேறொரு செடியோடு போகிறாள். கேட் கிரீச்சிட்டு அடங்குகிறது. தொட்டியை அவ்வப்போது நகர்த்தாவிட்டால் வேர் தரையில் இறங்கிவிடும் என்று ஊருக்கே பாடம் எடுப்பவர், மகள் வந்ததும் கண்ணில் படட்டுமே என்று இதை மட்டும் வாசலை விட்டு நகர்த்தவே இல்லை. இப்போது இரண்டு கையாலும் தூக்குகிறார், அசைவேனா என்கிறது. அடித்துளை வழியே சுண்டுவிரல் தடிமனில் வேர் மண்ணுக்குள் போயிருக்கிறது. கத்தியை வேரில் வைக்கிறார். வெட்டக் கை வரவில்லை. "சரி, நீயாவது இங்கயே இரு" என்று முனகிவிட்டு, பிளாஸ்டிக் தொட்டியைக் கிழிக்கிறார்.